விசையும் எண்ணும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

கணினியின் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால், அவ்விசையின் மேல் பொறித்திருக்கும் எழுத்து திரையில் தோன்றுகிறது. இதைக் காணாதவர் நம் கல்லூரியில் இன்று ஒருவரும் இல்லை. ஆனால் அழுத்துவதற்கும் தோன்றுவதற்கும் இடையே என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. நானும் எண்ணிப் பார்த்தவள் அல்லள். ஒரு விசை பழுதான பிறகே எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. அப்போது நான் தேடியதையும், தவறியதையும், கற்றதையும் மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டுரையில் வரும் ஆங்கில எழுத்துகளையும் பெயர்களையும் ஒலிப்படியே தமிழில் எழுதியுள்ளேன்.

பழுதான விசை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னிடம் உள்ள மடிக்கணினி என் அக்காவுடையது. பன்னிரண்டாம் வகுப்பில் அவருக்கு அரசு வழங்கியது. அதன்மேல் அவரைப் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை, திருமணமாயிற்று. நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். சென்ற பருவத்தில் அவருடைய மகன் விளையாட்டாக ஒரு விசையைப் பெயர்த்து எடுத்துவிட்டான். அடியில் இருந்த ரப்பர் குமிழும் கிழிந்து போயிற்று. அது ஆங்கில 'ஐ' விசை.

ஒரு விசைதானே என்று முதலில் நினைத்தேன். சி மொழியில் நிரல் எழுத உட்கார்ந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. இன்க்ளூட், இன்ட், மெயின், பிரின்ட்எஃப், இஃப், வைல் ஆகிய எதிலும் 'ஐ' இல்லாமல் இல்லை. தமிழிலும் தப்ப முடியவில்லை. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைத்தான் நான் பயன்படுத்துகிறேன். அதில் 'ஐ' விசையின் இடம் 'ன'வுக்கு உரியது. எங்கள் தெருவில் பலருக்கு நான் மனு தட்டச்சு செய்து கொடுப்பேன். அதில் வரும் சிறு தொகை என் பேருந்துச் செலவுக்கு உதவும். 'மனு' என்னும் சொல்லிலேயே 'ன' இருக்கிறதே!

பழுது நீக்கும் கடையில் முழு விசைப்பலகையையும் மாற்ற வேண்டும், 1,400 ரூபாய் ஆகும் என்றார்கள். தனியாக ஒரு விசைப்பலகை வாங்கிச் செருகலாம். ஆனால் மாதக் கடைசியில் அதற்கும் வீட்டில் கேட்க மனம் வரவில்லை. செய்முறைப் பதிவேட்டை ஒப்படைக்கப் பத்து நாட்களே இருந்தன. அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். "அதை எடைக்குப் போட்டுடாதடி, எப்படியாச்சும் பண்ணு" என்றார்.

திரையில் தோன்றும் விசைப்பலகையைச் சுட்டியால் அழுத்தி எழுதிப் பார்த்தேன். ஒரு சிறு நிரலுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓர் 'ஐ'யை நகலெடுத்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டிப் பார்த்தேன். அதுவும் நீடிக்கவில்லை. அப்போதுதான் ஓர் எண்ணம் தோன்றியது. கேப்ஸ் லாக் என்னும் விசையை நான் தொடுவதே இல்லை. பெரிய எழுத்துக்கு ஷிஃப்ட் போதும். பயனற்றுக் கிடக்கும் அவ்விசையை 'ஐ'யாக மாற்ற முடியாதா?

முடியும் என்று பலர் எழுதியிருந்தனர். அதற்கு விசையின் எண் தேவை என்றும் எழுதியிருந்தனர். அவ்வெண்ணைத் தேடிப் புறப்பட்ட இடத்தில்தான் என் பாடம் தொடங்கிற்று.

ஒரே விசைக்கு நான்கு எண்கள்

விசைப்பலகைக்கு எழுத்து தெரியாது. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பதை ஓர் எண்ணாக மட்டுமே அது அனுப்புகிறது. அந்த எண் பல தளங்களைக் கடந்து எழுத்தாகிறது. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. ஆகவே 'ஐ' விசையின் எண் என்ன என்று கேட்டால் ஒரே விடை கிடையாது.

முதற் பட்டியல் இடத்தை ஒட்டியது. 1981-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் 83 விசைகளுக்கு அளித்த எண்கள் இன்றும் வழக்கில் உள்ளன. இவற்றை ஸ்கேன் கோடு என்பர். நண்பர்கள் தம் விசைப்பலகையிலேயே எண்ணிப் பார்க்கலாம். எஸ்கேப் 1, அடுத்து ஒன்று என்னும் இலக்கம் 2, இப்படியே சென்றால் சுழி 11, கழித்தல் குறி 12, சமக்குறி 13, பேக்ஸ்பேஸ் 14, அடுத்த வரிசையில் டேப் 15, கியூ 16, டபிள்யூ 17, ஈ 18, ஆர் 19, டி 20, ஒய் 21, யூ 22, ஐ 23. மேலும் எண்ணினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கண்ட்ரோல் 29, ஏ 30. இன்று 'ஏ'க்கு இடப்புறம் இருப்பது கேப்ஸ் லாக். அதன் எண்ணோ 58. காரணம், அந்த முதல் விசைப்பலகையில் 'ஏ'க்குப் பக்கத்தில் கண்ட்ரோல்தான் இருந்தது. கேப்ஸ் லாக் இடைவெளிப் பட்டைக்கு வலப்புறம் இருந்தது. இடைவெளிப் பட்டையின் எண் 57, அடுத்தது 58. பின்னாளில் 101 விசைகள் கொண்ட பலகை வந்தபோது விசை இடம் மாறிற்று, எண் மாறவில்லை.

இரண்டாவது பட்டியல் யுஎஸ்பி வழிச் செருகும் விசைப்பலகைகளுக்கு உரியது. யுஎஸ்பி அமைப்பாளர் மன்றம் வெளியிடும் ஹெச்ஐடி பயன்பாட்டு அட்டவணை என்னும் நூலில் அது உள்ளது. அந்நூலின் 7-ஆம் பக்கம் எனப்படும் பகுதியே விசைப்பலகைக்கு உரியது. இங்கு எழுத்துகள் இடத்தை ஒட்டி அல்லாமல் அகர வரிசையில் எண்ணப்பட்டுள்ளன. ஏ 4, பி 5, சி 6 எனச் சென்று ஐ 12 ஆகிறது, இசட் 29. கேப்ஸ் லாக் 57.

மூன்றாவது, விண்டோஸ் இயங்குதளம் தன் மென்பொருள்களுக்குச் சொல்லும் எண். எழுத்து விசைகளுக்கு இது ஆஸ்கி முறையின் பெரிய எழுத்து எண்ணே. ஆகவே ஐ 73.

நான்காவது, லினக்ஸ் கணினிகளில் பலகாலமாக வழங்கும் எக்ஸ் சாளர முறையின் எண். லினக்ஸ் கருவகம் பழைய விசைகளுக்கு ஐபிஎம் எண்களையே வைத்துக்கொண்டது. அதன்படி ஐ 23. ஆனால் எக்ஸ் முறையில் விசை எண்கள் 8-இலிருந்தே தொடங்க வேண்டும் என்பது விதி. எனவே கருவகத்தின் எண்ணோடு 8 கூட்டுகிறார்கள். 23 என்பது 31 ஆகிறது.

ஆக, ஒரே விசைக்கு 23, 12, 73, 31 என நான்கு எண்கள். நான்கும் சரியே. ஆனால் ஒரு தளத்தின் எண்ணை மற்றொரு தளத்தில் இட்டால் நான்கும் தவறே.

நான் செய்த பிழை

இவையெல்லாம் பிறகு தெரிந்தவை. அன்று எனக்குக் கிடைத்தது லினக்ஸ் கருவகத்தின் தலைப்புக் கோப்பு ஒன்று. இன்புட் ஈவென்ட் கோட்ஸ் என்பது அதன் பெயர். அதில் ஐ 23 என்று தெளிவாக இருந்தது. என் மடிக்கணினியில் இருப்பதோ விண்டோஸ். அதில் விசை மாற்றுவதற்கு ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவகத்தில் 'ஸ்கேன்கோடு மேப்' என்ற பெயரில் ஓர் இருமக் குறிப்பு எழுத வேண்டும் என்று வேறோர் இடத்தில் படித்தேன். இரண்டையும் இணைத்து, எழுத வேண்டிய இடத்தில் 23 என்று எழுதிக் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினேன்.

ஆவலோடு கேப்ஸ் லாக்கை வைத்து 'மனு' என்று தட்டினேன். திரையில் 'மகு' என்று வந்தது. ஆங்கிலத்தில் தட்டினால் 'ஐ'க்குப் பதில் 'ஹெச்' வந்தது.

மறுநாள் எங்கள் கணினிப் பேராசிரியரிடம் சென்றேன்.

"பட்டியல்ல இருபத்து மூணுன்னுதான் மேடம் போட்டிருக்கு" என்றேன்.

"எந்தப் பட்டியல்ல?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் மேலும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த எண் எந்த அடிமானத்துல இருக்கு?"

கணிதம் படிக்கும் மாணவி நான். அடிமானம் சொல்லாத எண் பொருளற்றது என்று முதலாண்டிலேயே படித்தவள். அப்போதே என் பிழை விளங்கிவிட்டது. லினக்ஸ் கோப்பில் இருந்த 23 பதின்ம எண். விண்டோஸ் பதிவகத்தில் இருமக் குறிப்பை எழுதுவது பதினாறு அடிமான முறையில். அங்கே 23 என்று எழுதினால் இரண்டு பதினாறும் மூன்றும், அதாவது 35 என்று பொருள். ஏ 30, எஸ் 31, டி 32, எஃப் 33, ஜி 34, ஹெச் 35 என்று எண்ணிப் பார்த்தால் ஹெச் வந்ததன் காரணம் தெளிவாகும். தமிழ்99 முறையில் ஹெச் விசை 'க'வுக்கு உரியது. ஆகவே மனு மகு ஆயிற்று. கணினி தவறு செய்யவில்லை. நான் எழுதியதை அப்படியே செய்தது. பதின்ம 23 என்பது பதினாறு அடிமானத்தில் 17. அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

மூல நூலைக் கண்டது

அதன்பின் மற்றவர் எழுதிய சுருக்கங்களை விட்டுவிட்டு, விண்டோஸைச் செய்தவர்களே எழுதியதைத் தேடினேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வன்பொருள் ஆவணங்களில், விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் உரிய இயக்கிகள் பற்றிய பகுதியில் இம்முறை முழுவதும் விளக்கப்பட்டுள்ளது. விண்டோஸ் 2000 முதல் இது உண்டு.

அமைப்பு எளியதே. பதிவகத்தில் லோக்கல் மெஷின் என்னும் கிளையில் சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கீபோர்டு லேஅவுட் என்று இறங்க வேண்டும். அதன் அருகிலேயே கீபோர்டு லேஅவுட்ஸ் என்று பன்மையில் ஒன்று இருக்கும், அது வேறு. ஒருமையில் உள்ளதில்தான் 'ஸ்கேன்கோடு மேப்' என்னும் குறிப்பு எழுதப்பட வேண்டும். முதல் எட்டு பைட்டுகளும் சுழி. அடுத்த நான்கு பைட்டுகள் பதிவுகளின் எண்ணிக்கை. ஒரு விசையை மாற்றினாலும் இறுதியில் வரும் முடிவுப் பதிவையும் சேர்த்து இரண்டு என்று எழுத வேண்டும்: 02 00 00 00. அதன்பின் மாற்றம்: முதலில் புதிய எண், பிறகு பழைய எண். 'ஐ'க்கு 17, கேப்ஸ் லாக்கின் 58-க்குப் பதினாறு அடிமான வடிவம் 3ஏ. எனவே 17 00 3ஏ 00. கடைசியில் நான்கு சுழி பைட்டுகள். மொத்தம் 20 பைட்டுகள். எண்ணின் சிறிய பகுதி முன்னும் பெரிய பகுதி பின்னும் எழுதப்படுவதால்தான் 17-க்குப் பின் 00 வருகிறது.

இம்முறையின் குறைகளையும் அவ்வாவணமே ஒளிக்காமல் சொல்கிறது. கணினியை மீண்டும் இயக்கிய பிறகே மாற்றம் நடைமுறைக்கு வரும். அக்கணினியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் அது பொருந்தும். ஒரு விசைப்பலகைக்கு மட்டும் தனியாக மாற்ற இயலாது. குறைகளையும் சேர்த்துச் சொல்வதே மூல நூலின் அடையாளம் என்பதை அன்று கண்டேன். நான் முன்பு படித்த சுருக்கங்களில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

ஆட்டோஹாட்கீ, பவர்டாய்ஸ் போன்ற மென்பொருள்களாலும் விசைகளை மாற்றலாம். பதிவகத்தைத் தொடவேண்டாம் என்பது அவற்றின் நன்மை. ஆனால் கணினிக்குள் நுழைந்த பின்னரே அவை வேலை செய்யும். கடவுச்சொல் கேட்கும் திரையில் உதவா. என் கடவுச்சொல்லில் 'ஐ' இருந்தபடியால் எனக்குப் பதிவக முறையே ஏற்றதாயிற்று. மேலும் அது அடித்தளத்தில் நடக்கும் மாற்றம். தமிழ்99 அதற்கு மேல் தளத்தில் இயங்குகிறது. ஆகவே கேப்ஸ் லாக்கை அழுத்தினால் ஆங்கிலத்தில் 'ஐ'யும் தமிழில் 'ன'வும் தாமாகவே வந்தன.

சுட்டிக்கும் இதே கதை

என் வகுப்புத் தோழி ஒருத்தி இடக்கைப் பழக்கம் உள்ளவள். கல்லூரி ஆய்வகத்தில் சுட்டியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் அழுத்தும்படி பொத்தான்களை மாற்ற விரும்பினாள். என் அனுபவத்தைக் கேட்டு என்னை அழைத்தாள். ஆய்வகப் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு பார்த்தோம். ஆய்வகக் கணினிகளில் லினக்ஸும் எக்ஸ் சாளர முறையும் உள்ளன.

யுஎஸ்பி அட்டவணையில் பொத்தான்களுக்கு உரியது 9-ஆம் பக்கம். அதன்படி சுட்டியில் இடது 1, வலது 2, நடு 3. எக்ஸ் முறையிலோ இடது 1, நடு 2, வலது 3. சக்கரத்தை மேலே உருட்டுவது 4, கீழே உருட்டுவது 5. லினக்ஸ் கருவகக் கோப்பில் இடது 272, வலது 273, நடு 274. அதிலும் ஒரு பொறி உண்டு. அதே கோப்பில் எழுத்து விசைகள் பதின்ம எண்ணிலும், சுட்டிப் பொத்தான்கள் பதினாறு அடிமானத்தில் 110, 111, 112 என்றும் எழுதப்பட்டுள்ளன.

இம்முறை பட்டியலின் பெயரையும் அடிமானத்தையும் முதலில் குறித்துக்கொண்டோம். எக்ஸ்மோட்மேப் என்னும் கட்டளையின் விளக்கப் பக்கத்தைப் படித்து, பொத்தான்களின் வரிசையை 3, 2, 1 என்று கொடுத்தோம். உடனே மாறிற்று. யுஎஸ்பி எண்களை நம்பி 2, 1, 3 என்று கொடுத்திருந்தால் இடதும் நடுவும் இடம் மாறியிருக்கும்.

எங்கள் மகிழ்ச்சியைக் கண்ட ஆய்வகப் பொறுப்பாளர் சிரித்தார். அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இடக்கையாளர்க்கான ஒரு தேர்வைக் காட்டினார். அதைத் தொட்டிருந்தாலே போதுமாம்! ஆயத்தமாக உள்ள வழியை முதலில் பார்த்துவிட்டுப் பிறகே பட்டியல்களைத் தேட வேண்டும் என்பது அன்றைய பாடம்.

தேடுவோர்க்குச் சில குறிப்புகள்

முதலாவது, நூலைத் தேடும் முன் விசையையே கேட்க வேண்டும். லினக்ஸில் ஈவிடெஸ்ட், ஷோகீ, எக்ஸ்இவி ஆகிய கருவிகளும், விண்டோஸில் ஆட்டோஹாட்கீயின் விசை வரலாற்றுச் சாளரமும் அழுத்திய விசையின் எண்ணைக் காட்டும். எந்தக் கருவியிலும் எதுவும் தோன்றாவிட்டால், அவ்விசை பழுதாக இருக்கலாம்; அல்லது பல மடிக்கணினிகளின் எஃப்என் விசையைப் போல, இயங்குதளத்துக்குத் தெரியாமல் கருவிக்குள்ளேயே முடிந்துவிடும் விசையாக இருக்கலாம். அதை மென்பொருளால் மாற்ற முயல்வது வீண்.

இரண்டாவது, எண்ணைப் படைத்தவர் யார் என்று அறிந்து அவருடைய ஏட்டையே நாட வேண்டும். யுஎஸ்பி எண்ணுக்கு அமைப்பாளர் மன்றத்தின் அட்டவணை. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் ஆவணம். லினக்ஸுக்குக் கருவகத்தின் தலைப்புக் கோப்பு. மேக் கணினிக்கு ஆப்பிளின் தொழில்நுட்பக் குறிப்பு 2450. இக்குறிப்பு 2016-இல் வந்த சியாரா பதிப்பை ஒட்டி எழுதப்பட்டது. யுஎஸ்பி எண்களையே, விசைப்பலகைப் பக்கத்தின் எண்ணாகிய 7-ஐ முன்னே சேர்த்துப் பயன்படுத்துகிறது.

மூன்றாவது, இணைய வசதி குறைந்த நண்பர்கள் கவலைப்பட வேண்டாம். லினக்ஸ் கணினியில் மேன் என்னும் கட்டளையால் பல விளக்கப் பக்கங்களை இணையமின்றியே படிக்கலாம். விசைகளை அடித்தளத்தில் மாற்றுவதற்கான கீபோர்டு வன்பொருள் கோப்பு, 60 என்ற எண்ணோடு தொடங்கும் பெயருடையது. அதன் தலைப்பிலேயே எப்படி எழுத வேண்டும் என்னும் விளக்கம் உள்ளது. நாம் தேடும் நூல் சில வேளைகளில் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

நான்காவது, மாற்றும் முன் பழைய நிலையைப் படியெடுத்து வைக்க வேண்டும். நான் எழுதிய குறிப்பை அழித்துவிட்டு மீண்டும் இயக்கினால் பழைய நிலை திரும்பும் என்பதை முன்பே அறிந்திருந்ததால்தான் 'மகு' வந்தபோது நான் அஞ்சவில்லை. பொதுக் கணினிகளில் உரியவர் அனுமதியின்றி எதையும் மாற்றுதல் கூடாது.

முடிவுரை

பதிவேட்டை உரிய நாளில் ஒப்படைத்துவிட்டேன். தெருவினர் மனுக்களும் நிற்கவில்லை. கேப்ஸ் லாக் விசையின் மேல் ஒரு சிறு தாளை ஒட்டி, அதில் ஐ என்றும் ன என்றும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தானே 'மனு' என்று தட்டிப் பார்த்தார். பிறகு என் பெயரைத் தட்டினார். அதன்பின் தன் பெயரை. அவர் அதில் தட்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுத்துகளின் இடம் ஒன்றும் அவருக்கு மறந்திருக்கவில்லை.

வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத நம்மைப் போன்றோர்க்கு நூல்களே மூத்தோர். ஆனால் எந்த நூல், யாருக்காக எழுதியது, எந்த முறையில் எண்ணுகிறது என்று கேட்காமல் ஓர் எண்ணை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தால் அது நமக்கு உதவாது. "எந்தப் பட்டியல்ல?" என்று என் பேராசிரியர் கேட்ட கேள்வியை நான் இப்போது கணிதத்திலும் கேட்கிறேன், செய்தித்தாளில் ஓர் எண்ணைக் கண்டாலும் கேட்கிறேன். நண்பர்களும் கேட்டுப் பழக வேண்டும் என்பதே என் அவா.